கடிகாரக்காரரின் இணைப்பு ரயில்

ஊரில் நின்றுபோன கடிகாரங்களையெல்லாம் ஓட வைக்கிற கடிகாரக்காரர், வாரம் தவறாமல் ரயிலைத் தவறவிட்டார்.

சனிக்கிழமைகளில் பக்கத்து நகரத்து மணிக்கூண்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டுத் திரும்புவார். நடுவழியில் வண்டி மாற வேண்டும். இவர் வண்டி உள்ளே நுழையும்போது, வீட்டுக்குப் போகிற வண்டி வெளியே போய்க்கொண்டிருக்கும். அடுத்தது ராத்திரிதான். அதுவரை பிளாட்பாரத்து டீக்கடைக்காரரோடு கேரம். மனிதர் வாரம் முழுக்க உயிர் வாழ்ந்ததே அந்த ஆட்டத்துக்காகத்தான்.

வீட்டு வாசலை மிதிக்கும்போது மட்டும் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொள்வார்.

"கண்ணெதிர்ல போகுதும்மா வண்டி! அஞ்சு நிமிஷம் நின்னா குடியா முழுகிடும்?"

"பாவம், அவ்வளவு நேரம் என்னதான் பண்ணுவீங்க?"

"தூணை எண்ணிட்டு உக்காந்திருப்பேன்."

"யாராவது போய்க் கேக்க வேண்டாமா?"

"கேட்டா மட்டும்? ரயில்வேக்காரனுக்குக் காது செவுடு. கடவுளே வந்தாலும் நடக்காது."

வீட்டுக்காரம்மா தலையாட்டிக்கொண்டார்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, ரயிலை விட்டு இறங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். எதிரே, கதவுக்கு நேர் கதவாக, வீட்டுக்குப் போகிற வண்டி! ஜனங்கள் பிள்ளைகுட்டி, மூட்டைமுடிச்சோடு, கூடத்திலிருந்து அடுக்களைக்குப் போவதுபோல நடந்து மாறினார்கள். ஓட்டமில்லை, கூச்சலில்லை. ஒரு பல்சக்கரம் இன்னொன்றைத் தொடுகிற நேர்த்தி. தொழில் தெரிந்தவராயிற்றே, மெய்சிலிர்த்துப் போனார். "ஆகா!" என்று வாய்விட்டே சொன்னார்.

பிறகுதான் கேரம் ஞாபகம் வந்தது. நைசாக டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினார்.

வண்டி போகவில்லை. கார்டு இறங்கி வந்தார்.

"கடிகாரக்காரர் யாருங்க?"

டீக்கடைக்காரர், படுபாவி, விரலை நீட்டிவிட்டார்.

"இங்க என்ன சார் பண்றீங்க? உங்க வீட்டம்மா, இதே வண்டியைத் தவறவிடுற நர்ஸம்மா, டீச்சரம்மா எல்லாரையும் கூட்டிட்டு வந்து எங்க ஆபீஸ் வாசல்ல உக்காந்து வாங்கின வண்டி இது. நீங்க ஏறாம நான் கொடி காட்டினா என் சீட்டு கிழிஞ்சிடும்!"

ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். தனக்காக ஒரு முழு ரயிலே நிற்கிறது! வெட்கத்தோடு ஏறினார். அத்தனை டன் இரும்பை நிறுத்தி வைத்தவர், நேற்று இவருக்கு பட்டன் தைத்துக் கொடுத்த அதே வீட்டுக்காரம்மாதானா? நம்பவே முடியவில்லை.

வெயில் தாழுமுன் வீடு. கூடத்து நடுவில் புத்தம்புதிய கேரம் பலகை, காய் அடுக்கித் தயாராக.

"என்னம்மா இது?"

"வாரா வாரம் உங்க சட்டையைத் துவைக்கிறது நான்தானே? தூணை எண்ணினா கையில கேரம் பவுடர் ஒட்டுமா?"

"கோபமா?"

"கோபமெல்லாம் இல்லீங்க. உனக்கு ஆடத் தெரியுமான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? உக்காருங்க."

கடிகாரக்காரருக்குப் போன உயிர் திரும்பியது. நாலு காயை விட்டுக்கொடுத்து ஜெயித்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நீயே ஆரம்பிம்மா."

வீட்டுக்காரம்மா ஆரம்பித்தார். முதல் அடியில் இரண்டு வெள்ளை. அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று. சிவப்பு விழுந்தது, கூடவே அதற்குத் துணைக்காயும். பிளாட்பாரத்தில் திறந்த வாயை இன்னும் மூடாமல் கடிகாரக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கடைசி வெள்ளையும் விழுந்தது. ஸ்டிரைக்கர் கடிகாரக்காரர் கைக்கு வரவே இல்லை.