சாம்பிள் சாரின் துப்பறிவாளர்கள்

“உங்க மனைவி குழந்தையைச் சரியா பாத்துக்கலைன்னு நீங்க சொன்னா அது புலம்பல். மூணாவது மனுஷன் சொன்னாத்தான் சாட்சி. நல்ல துப்பறிவாளரா ஒருத்தரைப் பிடிங்க,” என்றார் வக்கீல். “பொண்ணு உங்ககிட்ட வரணுமா, வேண்டாமா?”

வரவேண்டும். ஏழு வயது மகள் இல்லாத வீட்டில் பத்து மாதமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை. ஆனால் துப்பறிவாளர் நல்லவரா, வெறும் போர்டு மட்டும்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மகளைக் கேட்டு வழக்குப் போட்டிருந்த அவர் குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பத்து தடவை திறந்து மூடிப் பார்க்காமல் ஒரு குழாயையும் வெளியே விடமாட்டார். எல்லோரும் அவரை ‘சாம்பிள் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்பு வாங்கினால் கடைக்குள் ஐந்து சுற்று நடந்த பிறகுதான் பெட்டியில் போடச் சொல்வார். கல்யாணத்தில் மட்டும் சாம்பிள் பார்க்காமல் ஏமாந்துவிட்டதாக மனைவியின் காதுபடவே சொல்லிச் சிரிப்பார். அவள் ஒன்பது வருடம் கேட்டாள். அப்புறம் குழந்தையோடு கிளம்பிவிட்டாள்.

முதல் துப்பறிவாளரிடமும் அதே நிபந்தனைதான். “முதல்ல ஒரு வாரம் என்னையே பின்தொடருங்க. என் கண்ணுல படாம இருந்தா வேலை உங்களுக்கு.”

அவர் மறுநாளே தொழிற்சாலை வாசலுக்கு வந்து காவலாளியிடம், “அந்தப் பரிசோதகர் எத்தனை மணிக்கு வெளியே வருவார்? ரகசியம், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க,” என்றார். மத்தியானத்துக்குள் சாம்பிள் சாரைப் போலீஸ் தேடுவதாகத் தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. மேனேஜர் கூப்பிட்டு, “விஷயம் அடங்குற வரைக்கும் லீவுல இருங்களேன்,” என்றார்.

இரண்டாமவரிடம் சாம்பிள் சார், “யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்காதீங்க, நல்லா தள்ளியே நில்லுங்க,” என்று கண்டிப்பாகச் சொன்னார். அவர் தள்ளி நின்ற அழகில், அதே நிற ஹெல்மெட் போட்ட பக்கத்து வீட்டுக்காரரின் பின்னால் ஏழு நாளும் போய்விட்டு வந்தார். அறிக்கையில் ஒரு குறையும் இல்லை. தினமும் ஆறு மணிக்கு வீடு திரும்பினார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். சின்னவனுக்குக் காய்ச்சல், சாயங்காலம் முழுக்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வக்கீல் படித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “பிரமாதம் சார். ஊரார் பிள்ளைங்களையே இப்படிப் பாத்துக்கறீங்க. இது ஒண்ணே போதும், கேஸ் நம்ம பக்கம்.”

“அது நான் இல்ல. பக்கத்து வீட்டுக்காரர்.”

வக்கீல் காகிதத்தை மெதுவாக மடித்தார். “அப்ப அவர்கிட்டதான் குழந்தையைக் கொடுக்கணும்.”

சாம்பிள் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய் அந்த அறிக்கையை இன்னொரு தடவை படித்தார். பொறாமையாக இருந்தது. பொறாமைப்பட்ட கையோடு மூன்றாவது ஆளைத் தேடிப் போனார்.

மூன்றாவது ஆள் ஒரு பெண்மணி. வங்கி கவுண்டரில் பார்த்த மாதிரி ஒரு முகம். “ஒரு வாரம் எதுக்கு சார்? ஒரு நாள் போதும். எந்த நாள்னு நீங்களே சொல்லுங்க.”

“ஞாயித்துக்கிழமை.”

ஞாயிறு பத்து மணி முதல் பன்னிரண்டு வரை பூங்காவில் மகளைப் பார்க்கலாம் என்பது கோர்ட் உத்தரவு. வேறு வேலை இல்லாத நேரம், சோதனையைக் கவனமாகச் செய்யலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

ஞாயிறன்று மனைவி மகளை வாசலில் விட்டுவிட்டுப் போனாள்.

“அப்பா, ஊஞ்சல் தள்ளி விடுறீங்களா?”

“நீ போய் உக்காரு கண்ணு. ஒரு நிமிஷத்துல வரேன்.”

வாசல் நன்றாகத் தெரியும் பெஞ்சாகப் பார்த்து உட்கார்ந்தார். பேப்பர் படிக்கிறவர் ரொம்ப நேரமாகப் பக்கத்தைத் திருப்பவில்லை. அருகில் போய்ப் பார்த்தார், தூங்கிக்கொண்டிருந்தார். ஒருத்தி தள்ளுவண்டியில் குழந்தையோடு இரண்டாவது தடவை கடந்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். நிஜக் குழந்தைதான், வீறிட்டு அழுதது. முகம் தெரியாமல் குடை பிடித்துப் போன பெண்ணின் குடையை விலக்கிப் பார்த்தபோதுதான் கூட்டம் கூடியது.

பூங்காக் காவலாளி கையைப் பிடித்தார். “என்ன சார் பண்றீங்க?”

“என்னை ஒரு லேடி பின்தொடருறாங்க.”

“யாரு?”

“தெரியும். நான்தான் வரச் சொன்னேன்.”

காவலாளி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு. வாசலில் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். “இதையும் எங்க வக்கீல்கிட்ட சொல்லிடறேன்,” என்றாள். மகள் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கோபத்தோடு அந்தப் பெண்மணியின் அலுவலகத்தில் போய் நின்றார். “நீங்க வரவே இல்ல. உங்களால நான் அவமானப்பட்டதுதான் மிச்சம்.”

அவள் அறிக்கையை நீட்டினாள். பெஞ்ச், பேப்பர், தள்ளுவண்டி, குடை, காவலாளி. நிமிடம் பிசகாமல் எல்லாம் இருந்தது. சாம்பிள் சாரின் முகம் பல நாளைக்கப்புறம் மலர்ந்தது.

“நீங்கதாங்க. வேலை உங்களுக்குத்தான்.”

“மன்னிச்சுக்குங்க சார். உங்க கேஸை நான் எடுக்கறதா இல்ல.”

“ஏன்? சரி, இதையாவது சொல்லுங்க. பூங்கா முழுக்க ஒரு இடம் விடாம தேடினேன். என் கண்ணுல படாம எங்கதான் நின்னீங்க?”

“ஊஞ்சலுக்குப் பின்னாடி சார். ரெண்டு மணி நேரமும் உங்க பொண்ணைத் தள்ளிவிட்டுட்டு இருந்தது நான்தான்.”