குதிக்கால் அண்ணையும் பந்தைத் தொடாத மருமகனும்

முகத்தைப் பார்க்காமல், குதிக்காலை மட்டும் பார்த்து மனிதரை எடைபோடக்கூடிய தமிழர் ரொறன்ரோவில் ஒருவர்தான் இருந்தார். குதிக்கால் அண்ணை என்போம். சொந்தப் பெயர் வேலையிடத்து அட்டையில் இருந்தது. அதை ஒருவரும் வாசித்ததில்லை.

மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துச் சரக்குக் களஞ்சியம் ஒன்றில் எங்கள் இருவருக்கும் வேலை. மில்லிக்கனிலிருந்து என் காரில்தான் வருவார். கலியாண வீட்டில் அவருக்குப் பக்கத்தில் இருப்பது ஆபத்து. மாப்பிள்ளை மணவறைக்கு ஏறும்போது எல்லோரும் பட்டுவேட்டியைப் பார்க்க, அண்ணை குனிந்து காலைப் பார்ப்பார். "குதி கிளம்புது. ஒரு தள்ளுக்குத் தாங்கான்," என்பார், பெண்ணின் தகப்பனுக்கே கேட்கிற மாதிரி.

இந்த வியாதி அவருடைய தங்கச்சி மகன் பிரியனால் வந்தது. பிரியன் கதவு நிலையை நிறைக்கிற உடம்புக்காரன். பல்கலைக்கழக அணியில் ஃபுட்போல் விளையாடினான். நாங்கள் காலால் உதைக்கிற விளையாட்டு இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு இடிபடுகிற இங்கத்தைய விளையாட்டு. அதிலும் அவனுக்கு லைன்மன் வேலை. பந்து எறிகிறவனுக்கு முன்னால் நின்று, அவனை விழுத்த வருகிறவர்களை மறித்துத் தள்ளவேண்டும். பந்து அவன் கைக்கு வராது. இவ்வளவு சாப்பாடு போட்டு வளர்த்த பிள்ளைக்குப் பந்தை ஒருக்கால் கொடுத்தால் என்னவாம் என்று தாய் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அண்ணை மட்டும் அந்த வேலையில் மயங்கிப்போனார். ஒரு ஆட்டமும் தவறவிடமாட்டார். சனம் பந்து போகிற பக்கம் கழுத்தைத் திருப்ப, இவர் பிரியனின் காலையே பார்த்துக்கொண்டிருப்பார். குதி நிலத்தில் ஊன்றி நிற்கிறவன்தான் தள்ளைத் தாங்குவான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. யார் வென்றது என்று கேட்டால் பக்கத்து ஆளிடம் விசாரித்துத்தான் சொல்வார். ஆட்டம் முடிந்ததும் பிரியனின் பிழைகளைச் சொல்லத் தொடங்குவார். அவனும் ரோல்ஸ் சாப்பிட்டபடி தலையாட்டிக் கேட்பான்.

கடைசி வருசம் தொழில்முறை அணிகளின் ஆட்கள் ஆட்டம் பார்க்க வந்தார்கள். பல்கலைக்கழக விளையாட்டுக்காரரை அந்த அணிகள் பெயர் சொல்லி எடுக்கிற டிராஃப்ட் வசந்தத்தில் வரும். ஒரு குளிர் சனிக்கிழமை, அப்படி ஆள் பார்க்க வந்த ஸ்கௌட் ஒருவர் எங்களுக்குப் பக்கத்தில் இருந்தார். அவரும் பந்தைப் பார்க்கவில்லை. அண்ணைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதுவரை அவரிடம் அபிப்பிராயம் கேட்ட ஆளே இல்லை. அந்த வெள்ளைக்காரர் பிரியனைப் பற்றிக் கேட்டார்.

அண்ணை முதலில் புகழ்ந்தார்: கை உரம், பொறுமை, விழுந்தவனைத் தூக்கிவிடுகிற குணம். அதோடு நிறுத்தியிருக்கலாம். குறை என்ன என்று அவர் கேட்க, களைத்தால் இடது குதி கிளம்பும், வெளிப்பக்கத்தால் சுற்றி ஓடி வருகிறவனைப் பிடிக்கப் பிந்திப்போவான் என்றார். ஆங்கிலம் காணாத இடத்தில் எழும்பி நின்று செய்தே காட்டினார். ஸ்கௌட் தோளில் கைவைத்துத் தள்ள, அண்ணை பின்னுக்குப் போய்ப் பின்வரிசைப் பெண்ணொருவரின் கோப்பிக்கு மேலேயே குந்திவிட்டார். நனைந்த காற்சட்டையோடு அவ்வளவு சந்தோசமாக வீடு திரும்பிய மனிதரை நான் கண்டதில்லை.

டிராஃப்ட் நாளில் தங்கச்சி வீட்டில் கேசரி, வடை. சொந்தம் முழுக்க டிவிக்கு முன்னால். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. பிரியனின் பெயர் வரவில்லை. கடைசிப் பெயரும் முடிந்தபோது அண்ணை எழும்பி, ஒருவரும் கேட்காமலே சொன்னார்: "நான்தான் அந்த ஆளுக்குக் குதியைப் பற்றிச் சொன்னனான்."

தங்கச்சி எழும்பி வந்தார். அண்ணனின் கையிலிருந்த கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அதற்குப் பிறகு நெடுநாள் கதைக்கவில்லை.

பிரியன்தான், "இட்ஸ் ஓகே மாமா. அவங்கள் என்ரை வீடியோ எல்லாம் பாத்தவங்கள். நீங்கள் சொல்லித்தான் தெரியவேணும் எண்டில்லை," என்றான். அண்ணை நம்பவில்லை.

அன்றோடு கால் பார்ப்பதை விட்டார். அடுத்த கலியாணத்தில் நானே வாயைக் கிளறினேன், மாப்பிள்ளை எப்படியென்று. நல்ல பிள்ளை போலக் கிடக்கு என்றார். எல்லோரும் சொல்வதையே அவரும் சொன்னது எனக்குத் துக்கமாக இருந்தது.

அடுத்த வருசம் ஒரு அணி பிரியனைப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டது. சீசனுக்கு முந்தைய வெள்ளோட்ட ஆட்டமொன்றில் கொஞ்ச நேரம் இறக்கினார்கள். மாமாவுக்கு டிக்கெட் அனுப்பியிருந்தான். "என்ரை வாய் அங்கை வரவேண்டாம்," என்று சொல்லி அண்ணை வீட்டில் இருந்துவிட்டார். நான் போனேன். எனக்கென்ன விளங்கும், பந்தைத்தான் பார்த்தேன்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்த பிரியன் முதலில் கேட்டது மாமா வந்தாரா என்றுதான். இல்லை என்றேன்.

"எல்லாரும் பந்தைத்தான் பாப்பினம், அங்கிள். அவர் ஒராள்தான் என்னைப் பாக்கிறவர்," என்றான்.

மறுநாளே அவனை முகாமிலிருந்து அனுப்பிவிட்டார்கள். பிறகு வேறு எந்த அணியும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காரில் அவன் சொன்னதை அண்ணையிடம் சொன்னேன். களஞ்சிய வாசலில் நிறுத்தியும் இறங்கவில்லை.

"அப்ப, சனத்துக்குள்ளை என்னைத் தேடியிருப்பான், என்ன?" என்றார்.

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அவருக்காக எந்தப் பொய்யும் சொல்லக்கூடியவன் நான். ஆனால் அந்த மனிதருக்குப் பொய் பிடிக்காது.

"ஓம் அண்ணை," என்றேன். "தேடினவன்."