நூறு கிராம் ரசப்பொடியும் தலைமை அலுவலகமும்

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். ஒரு ஆழாக்கு அரிசியைக் குக்கரில் வைத்தேன். ரசம் வைத்தேன். சாப்பிட்டேன். தட்டைக் கழுவினேன். என் மனைவி தாரணி இறந்து பதினோரு மாதங்களாக இதுதான் நிகழ்ச்சி நிரல். திருத்தங்கள் ஏற்கப்படுவதில்லை.

மனித நாகரிகத்தின் உச்சி எது என்று கேட்பவர்கள் மைசூர் அக்ரஹாரத்துக்கு வரலாம். 'சர்வசம்பூர்ணா' சூப்பர் மார்க்கெட் 1996-இல் தன் ஏழாவது கிளையை அங்கேதான் திறந்து அருளியது. உள்ளே போகும்போது காவலாளி சல்யூட் அடிப்பார். வெளியே வரும்போது அவரே பையைச் சோதிப்பார். மரியாதையும் சந்தேகமும் ஒரே சம்பளத்தில்.

மாதம் இரண்டு முறை போவேன். ஒவ்வொரு முறையும் நூறு கிராம் ரசப்பொடி ஒரு பாக்கெட். ஒரு நாள் அது அடித்தட்டுக்கு இறங்கியிருந்தது. கண் மட்டத்தில் ஆலிவ் காய்ப் புட்டிகள். அக்ரஹாரம் இத்தனை காலம் ஆலிவுக்கு ஏங்கிக் கிடந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. பக்கத்தில் அரைக் கிலோ ரசப்பொடி, 'ஃபேமிலி பேக்'. அட்டையில் ஐந்து பேர் ரசம் குடித்தபடி சிரித்தார்கள்.

மேலாளர் கிருஷ்ணராஜ் பொறுமையே உருவானவர்.

"கம்ப்யூட்டர் வந்தாயித்து சார். மாசம் பன்னெண்டு பாக்கெட் போகலேன்னா பெங்களூர் ஹெட் ஆபீஸ் அந்த ஐட்டத்தையே எடுத்துடும். உங்களோடது ரெண்டுதான் போகுது. ரெண்டும் நீங்களே."

"பன்னெண்டு போனா?"

"இருக்கும் சார். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது, அல்வா?" கன்னடத்தில் அது 'அல்லவா'; தின்பண்டம் அல்ல.

நான் பட்டதாரி. புரிந்தது. ஒன்றாம் தேதி காலையில், கடையிலிருந்த பன்னிரண்டு பாக்கெட்டையும் வாங்கினேன். ஒரே ஆள் பன்னிரண்டு ஓட்டுப் போட்ட பெருமிதத்துடன் வீடு திரும்பினேன்.

அந்த மாதம் கம்ப்யூட்டர் மகிழ்ந்தது. புதுச் சரக்கு அனுப்பலாமா என்று ஆராய தலைமை அலுவலகம் இரண்டு கூட்டங்கள் நடத்தியது. அதற்குள் அடுத்த மாதமும் முடிந்தது. காலித் தட்டில் விற்பனை நடக்கவில்லை.

மறுபடி ஓட்டுப் போடப் போனேன். கிருஷ்ணராஜ் ஒரு தாளை நீட்டினார். இரு ஓரமும் துளைகள் கொண்ட, கம்ப்யூட்டர் அச்சடித்த கௌரவமான தாள். 'விற்பனை: பூஜ்யம். வாடிக்கையாளர்: எவருமில்லை. பொருள் நீக்கப்படுகிறது.'

நான் அவருக்கு ஓரடி எதிரே நின்றிருந்தேன்.

"நான் இருக்கேனே சார்."

"லிஸ்ட்ல இல்லியே சார்."

பில் போடும் மனிஷாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அரைக் கிலோ வேண்டாம்னு ஒரு கிலோவுக்கு மேல அள்ளிட்டுப் போனது நீங்கதானா சார்? பேசாம ஃபேமிலி பேக் எடுங்க. ஆஃபர்ல பாதி விலை!"

"வேண்டாம்மா. நூறு கிராம்தான்."

"யார் சார் அப்படிச் சொன்னது?"

"வீட்ல."

நானும் சிரித்துவிட்டேன். விஞ்ஞானம், நிர்வாகம், பெங்களூர் மூன்றும் ஒன்றுகூடி, ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்றை எனக்குப் பாதி விலையில் தர முன்வந்திருந்தன. வேண்டாம் என்று முரண்டு பிடித்தது நான்தான்.

தாரணி கடைசியாகப் பெருமாளை அழைத்தாள் என்று உறவினர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருந்தவன் நான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் சொன்னது இவ்வளவுதான்:

"ரசப்பொடி தீர்ந்திருக்கும். கடையில நூறு கிராம் மட்டும் வாங்குங்க, போதும். வெள்ளிக்கிழமை வந்து நானே அரைச்சுடறேன்."