பதினாலாம் நம்பரைப் பற்றி நான் வாய் தவறிச் சொன்னது

விட்லோ கிரீக், சஸ்காச்சுவான்
பிப்ரவரி 9, ஞாயிறு

மதிப்பிற்குரிய லெசியா அக்காவுக்கும் வால்டர் அத்தானுக்கும் தம்பி ஒரெஸ்ட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் டோரீனும் சுகம். அங்கே நீங்கள் இருவரும், இந்த வாரம் பிறந்த கன்றுகளும், இனி பிறக்க இருக்கிற கன்றுகளும் சுகமாக இருக்க வேண்டுமென்று காலையில் சர்ச்சில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துதான் பேனாவைத் தொட்டிருக்கிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்த ஆரம்பித்துவிடுவாய். கடிதம் என்றால் நீ கத்துவது எனக்குக் கேட்காது. ஆகவே தயவுசெய்து கடைசிவரை படி. நல்ல செய்தியும் இருக்கிறது, ஆனால் அது வரிசையில் கொஞ்சம் பின்னால் நிற்கிறது.

நேற்று மதியம் உன் பிள்ளை டானிலோவின் ஐஸ் ஹாக்கி ஆட்டத்துக்குப் போனேன். நானாகப் போகவில்லை, என் கிளப் அனுப்பியது. எதிர் அணியில் ஒரு கோல் கீப்பர் இருக்கிறானாம், கால் நீளமாம், போய்ப் பார்த்து எழுது என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன், சனி ஞாயிறு ஊர் ஊராகப் போய்க் கிளப்பில் சேர்க்க நன்றாக ஆடுகிற பையன் பார்க்கிறேன். பெண் பார்க்கப் போகிறவர்களுக்காவது கேசரி கிடைக்கும், எங்களுக்கு அட்டைக் கோப்பையில் ஆறிப்போன காப்பிதான். போன வருடம் கிளப்பில், 'டானிலோ என் அக்கா மகன், அவனைப் பற்றி நல்லதோ கெட்டதோ நான் ஒரு வரி எழுத மாட்டேன்' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது சட்டம். அதற்காக நீ என்னோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தாய். சரி, பழைய கதை. நான் எழுத முடியாது என்றாலும் மற்றவர்கள் எழுதலாம் அல்லவா, நேற்று என்னையும் சேர்த்து ஒன்பது கிளப்பிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. கோடையில் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் இங்கே நடக்கிற கடைசி பெரிய ஆட்டம் அது. நம் பையனுக்குப் பதினேழு முடியப்போகிறது. இந்த வருடம் யாருடைய பட்டியலிலும் பெயர் ஏறாவிட்டால் அடுத்த வருடம் அவனைப் பார்க்க யாரும் பெட்ரோல் போட மாட்டார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் நான் செய்த காரியத்தின் கனம் உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமையே பனிப்புயல் ஆரம்பித்துவிட்டது. சனிக்கிழமை காலையில் என் பக்கத்து வண்டிக்கதவு உறைந்துபோய்த் திறக்கவில்லை. அந்தப் பக்கக் கதவைத் திறந்து, கியரின் மேல் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஜன்னலை இறக்கிக் கண்ணாடியைத் துடைத்தபோது என் தொப்பி பறந்து வயலுக்குள் போய்விட்டது. பின் சீட்டில் டோரீனின் ஊதாக் கம்பளித் தொப்பி கிடந்தது, உச்சியில் முயல்வால் மாதிரி ஒரு குஞ்சம் வைத்தது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு, அந்த நேரத்தில் ஆண் தொப்பி பெண் தொப்பி என்று பார்க்க முடியுமா? அதையே போட்டுக்கொண்டு இரண்டரை மணி நேரம் உருட்டிப் போய்ச் சேர்ந்தால், ஒன்பது கிளப்பில் ஏழு பேர் வரவில்லை, ரோடு மூடிவிட்டார்கள். வந்திருந்தது இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவன் எல்மர் ஃப்ரீசன்.

ஃப்ரீசனை உனக்குத் தெரியாது. மனிடோபா கிளப்புக்காகப் பையன் பார்க்கிறவன். பதினான்கு வருடமாக எனக்குப் போட்டி. எந்த ஆட்டத்துக்குப் போனாலும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டிருப்பான். அரங்கத்தில் சூடு வருகிற இடம் ஒரே ஒரு மூலைதான் என்பதால் நேற்றும் தோளோடு தோள் உரச உட்கார்ந்தோம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு அக்கா. ஒரு பையன் நமக்குப் பிடித்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியக் கூடாது. கொட்டாவி விட வேண்டும். அவனாகவே கேட்டால், அந்தப் பையனை மட்டம் தட்ட வேண்டும். இது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. போன மாதம் டோரீன் செய்த பெரோகிக் கொழுக்கட்டை அவ்வளவு பிரமாதம், மைத்துனி கேட்டதும் என்னையறியாமல் 'சுமார்' என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பட்டினி கிடந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்து ஆறு நிமிடம் இருக்கும். எதிர் அணிக்காரன் ஒருவன் ரப்பர் வட்டைத் தள்ளிக்கொண்டு ரயில் மாதிரி வருகிறான். நம் டானிலோ, பதினாலாம் நம்பர், பின்னோக்கியே சறுக்கிக்கொண்டு போய், கடைசி நொடியில் மட்டையை நீட்டி, ஏதோ மேஜைமேல் இருந்த பொருளை எடுக்கிற மாதிரி வட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் இடித்தானா, விழுந்தானா, ஒன்றும் இல்லை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. ஃப்ரீசன் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"யோவ் ஒரெஸ்ட், யாருய்யா அந்தப் பதினாலு? காலு நல்லாருக்கே!"

நான் கொட்டாவி விட்டேன். சத்தியமாக நான் யோசிக்கவே இல்லை அக்கா, வாய் தானாகவே வேலை செய்தது. "காலு இருக்கு, தலைதான் இல்ல. திரும்புடான்னா அடுத்த வாரம்தான் திரும்புவான். அவனைப் போய்ப் பார்த்துக்கிட்டு! ராத்திரி பகலா தின்னுட்டுத் தூங்குறவன்" என்றேன்.

ஃப்ரீசன் தலையாட்டிவிட்டு நோட்டைத் திறந்து பேனாவால் பரபரவென்று நாலு முறை கோடு கிழித்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்திருப்பது இரண்டு பேர். ஒருவன் எழுதவே கூடாது. இன்னொருவன் பெயரை அடித்தே விட்டான். அடிக்க வைத்தவன் தாய்மாமன். வாயில் இருந்த காப்பி மூக்கு வழியாக வந்து முன் வரிசைக்காரரின் முதுகில் விழுந்தது, அவரிடம் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள் முதல் பாகம் முடிந்துவிட்டது.

பனித்தரையைத் தேய்க்கிற வண்டி சுற்றி வருகிற நேரத்தில் திட்டம் போட்டேன். போனதை மீட்க வேண்டும், ஆனால் சந்தேகம் வராமல் மீட்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் டானிலோ வட்டைத் தொட்டபோதெல்லாம், "அட, பரவாயில்லையே", "ம், நான்தான் அவசரப்பட்டுட்டேன் போல", "எல்மர், அந்தப் பையன் தோளைப் பாரேன்" என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டேன். ஃப்ரீசன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "என்னய்யா, அரை மணி நேரம் முன்னாடி தலை இல்லன்ன, இப்ப தோளைப் பாருங்கற? யாரையாவது என் தலைல கட்டப் பாக்குறியா?" என்றான். நான் தொப்பிக் குஞ்சத்தைத் தடவிக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்தா அந்த அம்மாள் வர வேண்டும்! டானிலோ தங்கியிருக்கிற வீட்டு ஹில்டா அம்மாளைத்தான் சொல்கிறேன். நல்ல பெண்மணி, பையனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடுகிறவள், குறை சொல்லக் கூடாது. ஆனால் கையில் ஒரு மாட்டுமணி வைத்திருக்கிறாள். நாலு வரிசை கீழே இருந்து அதை ஆட்டிக்கொண்டே எழுந்து நின்று, "ஒரெஸ்ட்டு! தொப்பியில அடையாளமே தெரியல போங்க! உங்க அக்கா மவன் என்னமா ஆடுறான் பாத்தீங்களா? காலைல ஒம்போது முட்டை சாப்பிட்டான்!" என்று அரங்கமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள்.

ஃப்ரீசன் விதையைத் துப்ப மறந்து விழுங்கிவிட்டான். "அக்கா மவனா?"

"ஆமா."

"பதினாலா?"

"ஆமாய்யா."

"சொந்த மருமவனையா தலை இல்லன்ன? நீயெல்லாம் மனுசனாய்யா?"

"பழக்க தோஷம் எல்மர். கர்த்தர் சத்தியமா வாய் தவறிடுச்சு. இனிமே நான் ஒண்ணும் சொல்லல. நல்லதும் சொல்லல, கெட்டதும் சொல்லல. நீயே பாத்துக்க."

"நீ சொன்னா மட்டும் இனிமே எவன் நம்புவான்?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூன்றாம் பாகம் முழுக்க இருபது நிமிடம் நான் வாயைத் திறக்கவில்லை. நம் கல்யாணங்களில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை, அத்தானைக் கேள்.

இப்போது கவனமாகப் படி. ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. ஏழு நிமிடம் பாக்கி. டானிலோ நம் எல்லைக்குள்ளிருந்து நடு வழியாக, இரண்டு எதிராளிகளுக்கு இடையில் ஒரு பாஸ் போட்டான். அவ்வளவு துணிச்சலான பாஸை அந்த வயதில் யாரும் போட மாட்டார்கள். ஆனால் அதில் ஒரு துளி வேகம் குறைந்துவிட்டது. நடுவில் ஒருவன் பிடித்தான், ஓடினான், கோல். மூன்றுக்கு இரண்டு. அரங்கம் முழுக்க 'ஐயோ' என்றது, மணிகூட நின்றுவிட்டது. நான் தொப்பியை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். ஆனால் நாங்கள் பார்ப்பது தப்பை அல்ல அக்கா, தப்புக்கு அடுத்த நிமிடத்தைத்தான். மட்டையை உடைக்கிற பையன்கள் உண்டு, நடுவரைத் திட்டுகிறவர்கள் உண்டு, கூட ஆடுகிறவனைக் கை காட்டுகிறவர்கள் உண்டு. நம் பையன் நேராகத் தன் கோல் கீப்பரிடம் போய், அவன் காலில் மட்டையால் ஒரு தட்டுத் தட்டி, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். என் தப்பு என்று அர்த்தம். அவ்வளவுதான். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பயிற்சியாளர் ஏதோ சொன்னார், தலையாட்டினான்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது அவனை மறுபடி இறக்கினார்கள். மறுபடி அதே இடம். மறுபடி அதே இரண்டு பேர் நடுவில் காத்திருக்கிறார்கள். ஓரமாக அடித்து விட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நான் சுவருக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். அவன் அதே பாஸைப் போட்டான்! அதே சந்து, அதே இரண்டு பேருக்கு நடுவில், ஆனால் இந்த முறை விசில் மாதிரி போனது. அங்கிருந்து ஒருவன், அவனிடமிருந்து ஒருவன், அவனிடமிருந்து இன்னொருவன், அந்த நீளக்காலன் காலுக்கு அடியில் கோல். மூன்றுக்கு மூன்று, ஆட்டம் அப்படியே முடிந்தது. ஆட்டக் கணக்குத் தாளில் கோல் போட்டவன் பெயரும் அதற்கு முன்னால் தொட்ட இரண்டு பேர் பெயரும்தான் ஏறும். டானிலோ அதற்கும் முன்னால் தொட்டவன். உங்கள் ஊர்ப் பத்திரிகையில் தேடாதே, அவன் பெயர் இருக்காது. ஆனால் நான் அங்கே இருந்தேன், பார்த்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பையன்களைப் பார்த்திருக்கிறேன் அக்கா, எழுந்து நின்று அழுதது நேற்றுத்தான். தொப்பி இருந்ததால் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது. ஃப்ரீசன் குனிந்து எதையோ எழுதினான், கையால் மறைத்துக்கொண்டான், பிறகு எழுந்து போய்விட்டான்.

உடை மாற்றுகிற அறைக்கு வெளியே அவனைப் பிடித்தேன். தலையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. "ஐயோ மாமா, எதுக்கு அத்தை தொப்பிய மாட்டிக்கிட்டு வந்தீங்க? பசங்க பாக்குறாங்க" என்றான்.

"அது கெடக்கட்டும்டா. முதல் தடவை போட்ட பாஸு கோலாயிடுச்சே, திரும்ப அதையே எப்படிடா போட்ட? பயமா இல்லையா?"

"முதல் தடவையும் சரியான பாஸ்தான் மாமா. நான் போட்டதுதான் மெதுவா போயிடுச்சு" என்றான், ஏதோ கணக்கு வாத்தியார் மாதிரி. பிறகு, "அம்மாவுக்குப் போன் பண்ணி அந்தக் கோலைச் சொல்லிடாதீங்க, மாட்டுக் கொட்டகைல போய்த் தனியா உக்காந்து அழும்" என்றான். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா, நடந்தது இவ்வளவுதான். தப்பு என்னுடையது. ஃப்ரீசன் அடித்த பெயரை மறுபடி எழுதினானா என்று எனக்குத் தெரியாது, எழுதியிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். நீ மனதை விட்டுவிடாதே, ஆசையையும் வளர்த்துக்கொள்ளாதே. அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் ஒரு வார்த்தை பேசாதே. பட்டியலில் பெயர் வந்தாலும் வராவிட்டாலும், நீ பெற்றது வீண்போகவில்லை, அதற்கு நான் சாட்சி. அத்தானுக்கு என் வணக்கம். டோரீன் உனக்கு முத்தம் அனுப்புகிறாள், தொப்பியைத் துவைக்கப் போட்டிருக்கிறாள். கடவுள் உங்கள் வீட்டையும் கொட்டகையையும் ஒருசேரக் காப்பாராக.

இப்படிக்கு,
வெட்கமும் பெருமையும் கலந்த உன் தம்பி,
ஒரெஸ்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது ஃப்ரீசன் போன் செய்தான். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு! "உன் பேச்சைக் கேட்டு நான் பேரை அடிச்சேன்னா நெனச்ச? குளிருல பேனா எழுதல, கிறுக்கிப் பாத்தேன்யா" என்கிறான். முதல் பாகத்திலேயே எழுதிவிட்டானாம், கடைசி பாஸுக்குப் பிறகு மூன்று முறை அடிக்கோடு போட்டானாம். அவர்கள் பட்டியலில் நம் டானிலோ இரண்டாவது! ஆசையை வளர்த்துக்கொள், பண்ணை பண்ணையாகப் போய்ச் சொல், எனக்கு ஆட்சேபணை இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கிளப் மேலாளர் உங்களுக்குப் போன் செய்து, குடும்பம் எப்படிப்பட்டது என்று விசாரிப்பார், அது அவர்கள் வழக்கம். எதைக் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தாய்மாமன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் மட்டும் போனை அத்தானிடம் கொடுத்துவிடு, அவருக்குத்தான் காது கேட்காதே.