பின்னட்டைப் புலவரின் வயிறு

பின்னட்டைப் புலவரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மழுப்பாதீர்கள். கடையில் பிஸ்கட் அடுக்கின் முன்னால் வழியை மறித்து நின்று, ஒரு பொட்டலத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருப்பாரே, அவரேதான். பொட்டலத்தின் முன்பக்கத்தை அவர் சீந்தவே மாட்டார். பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதுதான் அவர் கவலை.

நம் புலவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கேட்கவா வேண்டும்? எந்நேரமும் பையில் ஒரு பூதக்கண்ணாடி. கொஞ்ச நாளாக அவர் வயிறு ஊதுவதும், உறுமுவதும், வந்தவருக்குக் கண்ணாடி மாட்டிப் பார்க்கிற நேரத்தில் புலவரைப் பாத்ரூமுக்கு விரட்டுவதுமாக இருந்தது. "குடலுக்குள்ள நல்ல கிருமி கோடிக்கணக்குல குடியிருக்கு. இந்தக் கலரும் கெமிக்கலும் போய் அதைக் காலி பண்ணுது" என்று எங்கோ படித்ததைச் சொல்லி ஜாமைத் தூக்கிப் போட்டார், சாஸைத் தூக்கிப் போட்டார், ஐஸ்கிரீமை மட்டும் ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டுத் தூக்கிப் போட்டார். சர்க்கரையை அதற்கெல்லாம் முன்பே விட்டாயிற்று. வாய் நமநமத்தால் சர்க்கரையில்லாத மிட்டாய்தான். இத்தனை செய்தும் வயிறு அடங்கினால்தானே?

அன்று மகளுக்குப் பிறந்தநாள். பள்ளித் தோழிகள் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். மெழுகுவத்தி ஏற்றவில்லை. கேக் பெட்டியைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துப் புலவர் படித்துக்கொண்டிருக்கிறார்.

"மூணு கலர் சேத்திருக்கான். இதை வெட்டக் கூடாது."

"அப்பா, எல்லாரும் வந்துட்டாங்கப்பா."

"அதனாலென்னம்மா, கேரட் நறுக்கித் தரேன்."

பிறந்தநாளுக்குக் கேரட்! குழந்தைக்கு உதடு பிதுங்கிவிட்டது. தோழிகளின் முன்னால் அழக்கூடாதென்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பார்த்த அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புலவரோ சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

"அந்த டப்பாவக் குடுங்க" என்றாள் மனைவி.

"இது சர்க்கரை இல்லாததும்மா. முன்னாடியே பெரிசா போட்டிருக்கே."

"பின்னாடி என்ன போட்டிருக்கு?"

புலவர் விழித்தார். பின்னாடியா? அதை யார் பார்த்தது?

மனைவி அவர் கையிலிருந்த பூதக்கண்ணாடியையே பிடுங்கி, ஊருக்கே கேட்கும்படி படித்தாள். "செயற்கை இனிப்பு சேர்த்தது. அதிகமாகச் சாப்பிட்டால் வயிறு ஊதும், பேதியாகும்."

பிறகு நிதானமாகக் கேட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடறீங்க?"

"டப்பா தீர்ற வரைக்கும்."

வயிறு அந்த நேரம் பார்த்தா உறுமவேண்டும்? புலவர் ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் கேக்கில் பாதி காணாமல் போயிருந்தது. மகள் வாயெல்லாம் கிரீமோடு ஒரு தட்டை நீட்டினாள்.

"உங்களுக்குக் கேரட் நறுக்கி வெச்சிருக்கேன்பா."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், உடம்புக்கு நல்லதென்று தினமும் நீங்கள் ஒன்றை விழுங்குகிறீர்களே, அதன் பின்பக்கத்தை என்றைக்காவது திருப்பிப் பார்த்ததுண்டா? எழுத்து பொடியாக இருந்தால் புலவரின் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது அது சும்மாதான் கிடக்கிறது.