எத்தினி கிலோ

மேற்குத் தாம்பரத்தில் ஒரு காலத்தில் யாருடைய எடையும் ரகசியமாக இருந்ததில்லை. அதற்கு ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு. முடிச்சூர் சாலையில் தகரக் கொட்டகை போட்டு, லாரிக்கும் வேனுக்கும் ஸ்பிரிங் பட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. உள்ளே நுழைகிறவர் வாயைத் திறப்பதற்குள் "எத்தினி கிலோ?" என்று கேட்பார். வண்டியை அல்ல, வந்த ஆளை. அதனால் ஊருக்கே அவர் 'எத்தினி கிலோ' ஆகிவிட்டார்.

ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை இந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் சிவந்து வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். மறுநாள் வேன் மட்டும் வந்தது. டிரைவர் கையில் நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டு. உள்ளே அவருடைய எடை. டிரைவர் பார்த்துவிடாமல் சீட்டை ஒட்டி வேறு அனுப்பியிருந்தார் என்பார்கள்.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற ரகம், என்னைவிட மூன்று வயது மூத்தது. ஆபீஸில் அதைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரித்தவர்கள் யாரும் மழைக்காலத்தில் பீர்க்கன்கரணையில் குடியிருந்து பார்த்ததில்லை. ஏரி நிரம்பினால் எங்கள் தெருவும் ஏரிதான். ஆட்டோக்காரர்கள் முனையிலேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஜீப் மட்டும் போகும்.

அந்த வருஷம் ஐப்பசியில் என் மனைவி சுதாவுக்கு எட்டு மாதம். அதற்கு முன்னால் ஒரு முறை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது. அதனால் டாக்டர் படுக்கையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். "குலுங்காம பாத்துக்குங்க" என்பதை என்னிடம் நாலு தடவை சொன்னார். குழந்தை பிறக்கும் முன் அதற்கென்று எதுவும் வாங்கக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் குழந்தை என்ற வார்த்தையையே யாரும் சொல்வதில்லை. என் மாமியார் ஊரிலிருந்து வந்து, ஒரு பழைய வேட்டியைக்கூட கிழித்து வைக்காமல் உட்கார்ந்திருந்தார். எல்லாருக்கும் அவ்வளவு பயம்.

அந்த நேரம் பார்த்து ஜீப்பின் பின்பக்கப் பட்டை ஒன்று டப்பென்று உடைந்தது.

பதறிப்போய் நாலு பக்கத்துக்கும் புதுப் பட்டைக் கட்டு வாங்கிக்கொண்டு எத்தினி கிலோவிடம் ஓடினேன். "நீ எத்தினி கிலோ?" என்றார். எழுபத்தொன்று. "வூட்ல?" அவளுக்கு இது எட்டாம் மாதம், அவளைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டும், சீக்கிரம் மாட்டிக்கொடுங்கள் என்று கெஞ்சினேன். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? நான் வாங்கிப்போன புத்தம்புதுக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பட்டையை உருவி மூலையில் வீசினார்.

"என்னங்க இது, புதுசு!" என்று கத்தினேன்.

"புச்சுதான். சிமிட்டி மூட்ட ஏத்துறதுக்குப் பண்ணது. நீ பொம்பளைய ஏத்தப் போற. ஒரு பள்ளத்துல எறங்குனா தூக்கி அடிக்கும். பேசாம குந்து."

உட்கார்ந்தேன். வேறு வழி? நாலு நாள் கழித்துத்தான் கட்டு நான்கும் ஏறின. ஐந்தாம் நாள் வண்டியை எடுக்கப் போனால், எடுக்கக் கூடாது என்கிறார். பட்டையின் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டிருக்கிறதாம். வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அதை முறுக்கினால், கீழே இறக்கியதும் ரப்பர் திருகிக்கொண்டு ஆறே மாதத்தில் கிழியுமாம். தரையில் நிற்க வேண்டுமாம். வழக்கமாகப் போகிறவர்கள் அவரவர் இடத்தில் உட்கார வேண்டுமாம். அப்புறம்தான் கடைசி முறுக்கு.

"நான் உட்காருறேன், முறுக்குங்க."

"யாருக்கோசரம் வண்டி? அவுங்க குந்தணும்."

"டாக்டர் படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்யா!"

"அவுங்க வர வாணாம். நான் வரேன்" என்றார்.

வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு, கையால் திருகிய போல்ட்டோடு ஜீப்பை மாடு மாதிரி நடத்தி ஓட்டிக்கொண்டு, பீர்க்கன்கரணை வரைக்கும். வாசலில் நிறுத்திவிட்டு, தெருவே கேட்கும்படி, "மேடம், எத்தினி கிலோ?" என்றார்.

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. ஒரு வாயும் வயிறுமான பொண்ணிடம் கேட்கிற கேள்வியா இது? சட்டையைப் பிடிக்கப் படியிறங்கினேன். அதற்குள் ஜன்னலிலிருந்து சுதா, "அறுபத்தெட்டு அண்ணா" என்றாள். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் என்னிடம் சொல்லாத எண்.

"கூட பாப்பாக்கு மூணு போட்டுக்கறேன்" என்றார்.

என் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அறுபத்தெட்டுலயே அதுவும் அடக்கம்யா! கணக்கு தெரியாதா உனக்கு?"

அவர் என்னை ஒரு மக்குப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "போவச்சொல்ல உள்ள கீது. திரும்பி வரச்சொல்ல மடில கீது. அதுக்கு ஒரு மூணு. ரெண்டுத்துக்கும் நடுவுல வெச்சி முறுக்கணும் சார்."

சுதா மெல்ல எழுந்து வந்து முன்சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்தில் நான். பின்னால் மாமியார், மடியில் அந்த மூன்று கிலோவுக்கு ஈடாகப் பையும் பிளாஸ்க்கும். அவர் ஸ்பானரோடு வண்டிக்கடியில் போய்விட்டார். நின்ற இடத்திலேயே நிற்கிற ஜீப்பில் அரைமணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டு மாமா காம்பவுண்டைப் பிடித்துக்கொண்டு, "எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். எங்கேயும் இல்லை என்றேன். நடுவில் மழை வேறு பிடித்துக்கொண்டது. தண்ணீர் தெருவில் ஓடி வந்தது. அவர் அதிலேயே மல்லாந்து கிடந்து முறுக்கிக்கொண்டிருந்தார். "அசையாதீங்க! மாமியாரம்மா, சாயாம குந்து!" என்று கீழேயிருந்து அதட்டல் மட்டும் வந்தது. மானம் போய்விட்டது என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சுதாவோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்த எட்டு மாதத்தில் அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த மாதம் ஏரி வழிந்த ஒரு மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. முழங்கால் அளவு தண்ணீர், அதற்கடியில் எங்கே பள்ளம், எங்கே ரோடு என்று தெரியாத தெரு. ஜீப் இறங்கி ஏறி இறங்கிப் போனது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "எப்படியிருக்கு, எப்படியிருக்கு" என்று கேட்டுக்கொண்டே வந்தேன்.

"வலிக்குது" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா குலுங்கலைங்க."

ஆஸ்பத்திரியில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நர்ஸ் கதவைத் திறந்து, "பொண்ணு" என்றார். தாயும் குழந்தையும் நலமா என்றுதானே கேட்க வேண்டும்? என் வாயிலிருந்து வந்தது, "எத்தினி கிலோ?" மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டே முக்கால். மறுநாள் காலை முதல் வேலையாகக் கொட்டகைக்குப் போய் அதைச் சொன்னேன். தகரச் சுவரில் ஒவ்வொரு வண்டிக்கும் யார் எத்தனை கிலோ என்று சாக்பீஸில் எழுதிவைத்திருந்தார். என் ஜீப் நம்பருக்குக் கீழே: சார் 71, மேடம் 68, மாமியாரம்மா 59, பாப்பா 3. கடைசி எண்ணைத் துடைத்து இரண்டே முக்கால் என்று திருத்தினார். "கால் கிலோ கொறையுதே சார், என்னிய பேஜார் பண்ணிட்டியே" என்று என்னிடம் சண்டைக்கு வேறு வந்தார். நான் பதிலுக்குச் சண்டை போடவில்லை.

தெருவில் வைத்து என் மானத்தை வாங்கியதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதை நினைத்தே பயந்துகொண்டிருந்தபோது, மடியில் ஒன்றோடு திரும்பி வருவோம் என்று இடம் போட்டு வைத்திருந்தவர் அந்த ஒரு மனுஷன்தான்.