பேஷன்ட் சாருக்கு ஓர் இலை

தென்காசி வட்டாரத்தில் பேஷன்ட் சார் அளவுக்குப் படுக்கையில் கிடந்த ஆரோக்கியமான மனிதர் வேறு யாரும் கிடையாது. சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, வாயில் ஒரு பல் ஆடவில்லை. ஆனால் அவருக்குப் பக்கவாதம் வராத வாரமே இல்லை. செவ்வாய்க்கிழமை இடுப்பு எலும்பு முறியும். வெள்ளிக்கிழமை ஞாபகம் போய்விடும். சனிக்கிழமை மத்தியானம் எல்லாம் குணமாகி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று டீ குடித்துக்கொண்டிருப்பார்.

முதியோரைப் பராமரிக்க ஆட்களைப் பழக்கும் ஒரு சிறிய நிலையத்தில் அவர் எங்களுக்குப் பயிற்சியாளர். மற்ற இடங்களில் இதற்கென்று பொம்மை வைத்திருப்பார்களாம். எங்கள் நிலையத்துப் பொம்மைக்கு ஒரு கை ஏற்கெனவே கழன்றிருந்தது. "பொம்மைக்குக் கூச்சம் உண்டாலே? கோவம் வருமா? அதை வச்சு என்னத்தப் படிக்கப் போற?" என்று அதைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, தானே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டார். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் எங்களுக்கு மறந்துபோயிற்று.

படுத்தாரென்றால் படுத்ததுதான். டீ வேளைக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். வடையைப் பிய்த்து, டீயில் ஊறவைத்து, வாயில் வைக்க வேண்டும். அவசரப்பட்டு அடுத்த துண்டை நீட்டினால் முகத்திலேயே துப்புவார். "முதல் வாய் இறங்கிச்சானு தொண்டையப் பாத்தியாலே? லாரியில மண்ணு அள்ளிப் போடுத மாரில்லா போடுத!" நல்ல கனத்த சரீரம் வேறு. அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பாடத்தன்று எங்களில் பாதிப் பேருக்கு வயிற்றுவலி வந்துவிடும்.

அச்சன்புதூரில் வயல் வேலை பார்க்கும் என் அப்பாவுக்கு இந்தப் படிப்பை விளங்கவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் தினமும் விசாரணை உண்டு.

"இன்னைக்கு என்னலே படிச்ச?"

"சாருக்குச் சவரம் பண்ணிவிட்டேன்பா."

"நாளைக்கு?"

"குளிப்பாட்டணும்."

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார். "ஏலே, அந்த வாத்தியாருக்கு வீட்டுல ஆளே கிடையாதோ?"

உண்மையிலேயே கிடையாது. அப்போது அது எனக்குத் தெரியாது.

நோயாளியைப் பொது இடத்துக்கு அழைத்துப்போகும் பாடத்தைக் குற்றாலத்தில் வைத்தார். நல்ல சாரல். இடது பக்கம் விழுந்துபோனவராக, வாய் கோணி, தலை சாய்ந்து சார் வீல்சேரில் உட்கார்ந்திருக்க, நான் தள்ளினேன். மெயின் அருவியில் தலை எது, பாறை எது என்று தெரியாத கூட்டம். எங்களைப் பார்த்ததும் எண்ணெய் வழிய நின்றவர்கள்கூட ஒதுங்கி வழி விட்டார்கள். நாலு பேர் தூக்கிக்கொண்டுபோய் ஓரத்தில் உட்காரவைத்தோம். தண்ணீர் உச்சந்தலையில் அறைந்தது. அவ்வளவுதான், சாருக்கு வாதம் மறந்துவிட்டது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, "ஆகா! சொர்க்கம்லே!" என்று எழுந்து நின்று ஆடினார்.

கூட்டத்திலிருந்து ஓர் அண்ணாச்சி அலறினார்: "யப்பா, வாதம் தீந்துட்டுடோய்! இப்பம் வண்டியில வந்த ஆளு, எந்திரிச்சு நிக்காரு பாரு!"

கூட்டம் சாரைத் தொட்டுக் கும்பிட ஆரம்பித்தது. "அண்ணாச்சி, எனக்கு வாதமே கிடையாது, சும்மா நடிச்சேன்! வாதம் வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்!" என்று சார் தொண்டை கிழியக் கத்தினார். "பாவம், சந்தோசத்துல உளறுதாரு" என்றார் அண்ணாச்சி. சார் நின்ற இடத்துத் தண்ணீரை இரண்டு பேர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள்.

இப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு வீட்டில் திணறிப்போனார். சுந்தரபாண்டியபுரத்தில் பழைய நிலபுலக்காரர் வீடு. பெரியவரை ஊரே ஐயா என்றுதான் கூப்பிடும். மறதி நோய் முற்றிச் சாப்பாட்டுக்கு வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "குழாயப் பிடுங்கிட்டார்னா கையக் கட்டி வைக்கணுமாம் சார். எங்க மாமா கைய நான் எப்படிக் கட்டுவேன்?" என்று மருமகள் செல்வி அக்கா அழுதார். அந்தக் குடும்பத்தைப் பழக்க சாரும் நானும் போக ஆரம்பித்தோம்.

சார் தெரிந்த வித்தையெல்லாம் இறக்கினார். குழைத்த சோறு, சின்னக் கரண்டி, முதுகுக்குத் தலையணை. ஐயா சுற்றி நிற்கிற எங்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்பார். "நீங்க சாப்பிடுங்க மாமா" என்பார் அக்கா. மறுபடியும், "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" அதோடு வாய் பூட்டிக்கொள்ளும். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது இந்த நோயின் அறிகுறி என்று சார் விளக்குவார். நாங்கள் தலையாட்டுவோம்.

கடைசியில் தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். ஐயாவின் கட்டிலுக்கு எதிரே தானும் நோயாளியாகச் சாய்ந்துகொண்டு என்னை ஊட்டச் சொன்னார். பார்த்தால் ஐயாவுக்கும் ஆசை வருமாம். பயிற்சிக்குப் போகிற வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் நிலையத்துச் சட்டம். அதனால் சாருடைய டிபன் பாக்ஸிலிருந்த தயிர்ச்சோறுதான். நான் ஊட்ட ஊட்ட சார் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்தார். ஐயாவின் முகம் சிவந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று தண்ணீர்கூட இறங்கவில்லை.

மறுநாள் போனபோது மகன் சங்கரன் அண்ணாச்சி வாசலிலேயே சொல்லிவிட்டார். "நாளைக் காலையில குழாய் போடக் கூட்டிட்டுப் போறோம் சார். நீங்க பாடுபட்டது போதும்."

சார் கூடத்துத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இந்தத் தடவை நடிப்பில்லை. செல்வி அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். "காலையில இருந்து பச்சத் தண்ணி படலை போலிருக்கே. சட்டமாம் சட்டம்! இருந்து ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று ஐயாவின் கட்டிலுக்கு எதிரே வரிசையாக இலை போட்டார். சாருக்கு, சங்கரன் அண்ணாச்சிக்கு, எனக்கு. நான் தயங்கி நின்றேன். என் அப்பா இந்த மாதிரி வீடுகளுக்கு நெல் மூட்டை சுமந்து வந்திருக்கிறார்; இலைக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

"ஏலே, ஏன் நிக்க? உக்காரு."

குரல் கட்டிலிலிருந்து வந்தது. ஐயா காலைத் தொங்கவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார். பிடிக்கப் பதறி எழுந்த மகனுக்கு ஓர் அதட்டல்: "இலையில உக்காந்தாச்சுல்லா, எந்திரிக்கப்படாது!" அக்கா ஓடி வந்து தோள் கொடுக்க, வரிசையில் மெல்ல நடந்து வந்தார். "சொதி நல்லா விட்டுக்கோரும். ஏட்டி, இந்த இலைக்கு அவியல் வரலையே!" சாரின் முன்னால் நின்றார். "எந்த ஊருவே?"

"தென்காசிங்கய்யா."

"அம்புட்டுத் தூரத்துல இருந்தா? மெதுவாச் சாப்பிடும்."

சங்கரன் அண்ணாச்சி கையில் எடுத்த சோற்றோடு அப்படியே இருந்தார். "ஊர்ல கல்யாணமோ கோயில் கொடையோ, பந்தி விசாரிப்பு எங்கப்பாதான் சார். கடைசி ஆளு கை கழுவின பெறகுதான் இவருக்கு இலை. வீட்டுக்கு ஆள் வந்தாலும் அப்படித்தான்" என்றார்.

இத்தனை நாளும் ஐயா எங்களை விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். வந்தவர்கள் பட்டினியாகச் சுற்றி நிற்க, தனக்கு மட்டும் கரண்டி நீண்டால் அந்த வாய் எப்படித் திறக்கும்? போதாக்குறைக்கு, அவர் வீட்டிலேயே ஒரு விருந்தாளி சொந்த டப்பாவைத் திறந்து தயிர்ச்சோறு தின்றிருக்கிறான்.

நாங்கள் கை கழுவி வந்தோம். "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றார் ஐயா. செல்வி அக்கா அவசரமாக ஒரு கவளத்தை வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டினார். "ஆச்சுங்கய்யா!" என்று சார் போட்ட சத்தத்தில் முற்றத்துக் காக்கைகள் பறந்தன.

"அப்பம் எனக்கு ஒரு இலை போடு."

குழைத்த சோறு ஒவ்வொரு வாயாக இறங்கியது. சார் அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருந்த காரை அண்ணாச்சி போன் பண்ணி வேண்டாமென்றார்.

சட்டத்தை மீறியதற்கு நிலையத்தில் விளக்கம் கேட்டார்கள். "சட்டம் போட்டவரை ஒரு நாள் அந்த வீட்டுக்குச் சாப்பிட அனுப்புங்க, விளங்கும்" என்று சார் சொல்லிவிட்டு வந்தார். இப்போது அவர் வகுப்பில் முதல் கேள்வி குடும்பத்தாருக்குத்தான்: "உங்க அப்பா நல்லா இருக்கும்போது எப்படிச் சாப்பிடுவாரு, யாரோட சாப்பிடுவாரு?"

பயிற்சி முடிந்து எனக்கு அந்த வீட்டிலேயே வேலை கிடைத்தது. ஐயாவின் நோய் கூடத்தான் செய்கிறது. சில நாள் நன்றாகச் சாப்பிடுகிறார், சில நாள் ரெண்டு வாயோடு சரி. குழாய் மட்டும் வரவில்லை. மத்தியானம் ஓய்ந்தால் சார் இங்கே சாப்பிடப் பஸ் ஏறி வந்துவிடுகிறார். ஐயா ஒவ்வொரு முறையும் ஊர் கேட்கிறார். சாரும் அன்றுதான் முதல் தடவை வந்தவரைப் போலப் பணிவாகச் சொல்கிறார். அவர் யாரென்று ஐயாவுக்குத் தெரியாது. ஆனாலும் பஸ் தாமதமானால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நானும்தான்.